ஒரே பெரிய டிரைவா, இரண்டு டிரைவா, ரெய்டா, வெளி டிரைவா? வேகமான லேப்டாப் வாங்குபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

வீடியோ எடிட்டிங், த்ரீடி ரெண்டரிங், விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி), மெஷின் லேர்னிங் என்று கனமான வேலைக்கு லேப்டாப் தேடுபவர்கள் பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் ஒருவழியாக முடிவு செய்துவிடுகிறார்கள். ஸ்டோரேஜ் என்று வரும்போதுதான் மாட்டிக்கொள்கிறார்கள். "4 டிபி ஒன்றே போடவா, 2 டிபி இரண்டு போடவா?", "ரெய்ட் 0 போட்டுத் தருகிறார்களாம், வேகம் இரட்டிப்பாகுமாமே?", "மெல்லிசான லேப்டாப் வாங்கி வெளியே ஒரு எஸ்எஸ்டி வைத்துக்கொண்டால் போதாதா?" இந்த மூன்று கேள்விகளும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு, முழு வேகத்தில் ஓடும் இரண்டு ஸ்லாட் (டிரைவ் மாட்டும் இடம்) உள்ள லேப்டாப் போதும். அதில் ரெய்ட் (பல டிரைவை ஒன்றாக இணைத்து ஓட்டும் முறை) எதுவும் போடாமல் இரண்டு டிரைவைத் தனித்தனியாக வைத்துக்கொள்வதுதான் சரி. பல டிரைவ் வைப்பதால் வரும் உண்மையான பலன், வேலையைப் பிரித்துக் கொடுக்க முடிவதுதான். ஆனால் இது எல்லோருக்கும் பொருந்தாது. யாருக்குப் பொருந்தாது, ஏன் என்பதைப் பார்ப்போம்.

## எதை வைத்து எடை போடுவது

### வேகம் என்றால் எந்த வேகம்?

விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது ஒரே பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகத்தை. பழைய வகை இணைப்பான சாட்டாவில் ஓடும் எஸ்எஸ்டி நொடிக்குச் சுமார் 550 எம்பி தரும். புதிய வகை இணைப்பான பிசிஐஇயில் ஓடும் என்விஎம்இ டிரைவ்களில் 3.0 தலைமுறை 3,500 எம்பி, 4.0 டிரைவ் 7,000 எம்பி, 5.0 டிரைவ் 14,000 எம்பி வரை போகும். ஒவ்வொரு தலைமுறையிலும் எண் இரண்டு மடங்காகிறது. வேலையின் வேகமும் இரண்டு மடங்காகும் என்று யாருக்கும் தோன்றும்.

இரண்டு வேறு எண்களைக் கேட்டால்தான் முழுப் படம் கிடைக்கும்.

முதலாவது, சின்னச் சின்னத் துண்டுகளைச் சிதறலாகப் படிக்கும் வேகம். விண்டோஸ் துவங்குவது, ஒரு மென்பொருள் திறப்பது, ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் உள்ள புராஜெக்ட்டைக் கம்பைல் செய்வது எல்லாம் இந்த வகை. 4 கேபி துண்டுகளை ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று படிக்கும்போது 7,000 எம்பி டிரைவும் சரி, 14,000 எம்பி டிரைவும் சரி, நொடிக்கு 100 எம்பியை ஒட்டித்தான் நிற்கும். அதனால்தான் பிசிஐஇ 3.0 டிரைவிலிருந்து 5.0 டிரைவுக்கு மாறியவர்களுக்கு அன்றாடப் பயன்பாட்டில் பெரிதாக எதுவும் தெரிவதில்லை.

இரண்டாவது, நீண்ட நேரம் எழுதும்போது தாக்குப்பிடிக்கும் வேகம். இன்றைய எஸ்எஸ்டிகளில் ஒரு செல்லில் மூன்று பிட் வைப்பது டிஎல்சி, நான்கு பிட் வைப்பது க்யூஎல்சி. அப்படி நெருக்கி எழுதுவது மெதுவான வேலை. அதனால் டிரைவ் முதலில் காலியிடத்தின் ஒரு பகுதியில் செல்லுக்கு ஒரு பிட் என்று வேகமாக எழுதி வைத்துக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது நெருக்கி அடுக்கும். இந்த கேஷ் நிரம்பிய பிறகுதான் உண்மை வேகம் தெரியும். நல்ல டிஎல்சி டிரைவ் அப்போதும் ஆயிரம், இரண்டாயிரம் எம்பியில் நிற்கும். க்யூஎல்சி டிரைவ் சில நூறுக்கு இறங்கும்; சில மாடல்கள் பழைய ஹார்ட் டிஸ்க் அளவுக்கே இறங்கிவிடும். டிரைவ் நிறைய நிறைய இந்த கேஷும் சுருங்கும். 90 சதவீதம் நிரம்பிய 4 டிபி டிரைவில் 300 ஜிபி ரெண்டரை எழுதிப் பாருங்கள், கொஞ்ச நேரத்திலேயே வேகம் அப்படியே படுத்துவிடும்.

அடுத்து, உங்கள் வேலைக்கு எவ்வளவு வேகம் தேவை என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆப்பிளின் வீடியோ வடிவமான புரோரெஸ் 422 எச்க்யூவில் 4கே வீடியோ, நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் நொடிக்கு 884 மெகாபிட், அதாவது சுமார் 110 எம்பி. நான்கு கேமரா காட்சிகளை ஒரே நேரத்தில் ஓட்டினாலும் 440 எம்பிதான். சாட்டா எஸ்எஸ்டியே ஈடுகொடுக்கும். சுருக்கமே இல்லாத 8கே, பிக்சலுக்கு 4 பைட், நொடிக்கு 24 ஃபிரேம் என்று போனால் 3,185 எம்பி வரும். அதற்கும் ஒரு நல்ல பிசிஐஇ 4.0 டிரைவ் போதும், மீதியும் இருக்கும். 40 ஜிபி மொழி மாடலை நினைவகத்தில் ஏற்றுவதை எடுத்துக்கொண்டால் 550 எம்பி டிரைவில் ஒரு நிமிடத்துக்கு மேல், 3,500இல் சுமார் 11 நொடி, 7,000இல் 6 நொடி. 14,000க்குப் போனால் மிச்சமாவது மூன்று நொடி. ஒரு நாளைக்கு எத்தனை முறை ஏற்றப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து அந்த மூன்று நொடிக்கு மதிப்பு.

வெளியிலிருந்து டேட்டா வருகிறது என்றால் அந்த வாசலையும் பார்க்க வேண்டும். கேமராவில் போடும் யுஎச்எஸ்-2 வகை எஸ்டி கார்டின் உச்ச வரம்பே 312 எம்பி. நிஜத்தில் 250 கிடைத்தால் 512 ஜிபி கார்டைக் காப்பி செய்ய 34 நிமிடம் ஆகும். உள்ளே எந்தத் தலைமுறை டிரைவ் இருந்தாலும் அதே 34 நிமிடம்தான்.

### ஸ்லாட்டும் லேனும்

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "இரண்டு எம்.2 ஸ்லாட்" என்று போட்டிருந்தால் இரண்டும் சமம் என்று அர்த்தமில்லை. முதல் ஸ்லாட் பிசிஐஇ 4.0 நான்கு லேனாக (லேன் என்பது டேட்டா போகும் பாதை) இருக்கும், இரண்டாவது 3.0 ஆக இருக்கலாம், இரண்டே லேனாக இருக்கலாம், பழைய மாடல்களில் சாட்டா மட்டுமே ஏற்பதாகக்கூட இருக்கலாம். பார்வைக்கு எல்லாம் ஒரே ஸ்லாட்தான்.

நீளமும் முக்கியம். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2230 என்றால் 30 மில்லிமீட்டர் நீளம் மட்டுமே. ஃபிரேம்வொர்க் லேப்டாப் 16இல் இரண்டு ஸ்லாட் உண்டு. ஆனால் ஒன்று 2280, மற்றொன்று 2230. சிறிய அளவில் பெரிய கொள்ளளவு தேடினால் தேர்வுகள் குறைவு. அதேபோல, 8 டிபி டிரைவ்களில் பெரும்பாலும் பலகையின் இரண்டு பக்கமும் சிப் இருக்கும். மெல்லிய லேப்டாப்பின் ஸ்லாட்டில் அது உட்காராது, அல்லது மூடி அழுத்தும்.

பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால் இன்னொன்றும் கண்ணில் படும். டிரைவோடு வந்த முதல் ஸ்லாட்டின் மேல் ஒரு உலோகத் தகடும், அடியில் சூட்டைக் கடத்தும் சாம்பல் நிறத் தெர்மல் பேடும் இருக்கும். காலியாக விட்ட இரண்டாவது ஸ்லாட்டில் சில மாடல்களில் தகடும் இருக்காது, பேடும் இருக்காது, டிரைவின் நுனியைப் பிடிக்கும் அந்தக் குட்டி ஸ்க்ரூவும் இருக்காது. டிரைவை வாங்கி வைத்துக்கொண்டு ஸ்க்ரூவைத் தேட வேண்டியிருக்கும்.

லேன்கள் எங்கிருந்து வருகின்றன என்பது அடுத்த விஷயம். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை எச்எக்ஸ் (உச்சவகை லேப்டாப்களுக்கான) சிப்களில் பிராசசரிலிருந்து நேரடியாக 16 லேன் பிசிஐஇ 5.0, 4 லேன் பிசிஐஇ 4.0 வருகின்றன. 16இல் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டு உட்கார்ந்துவிடும். மீதி டிரைவ்கள் மதர்போர்டின் துணைச் சிப்பான சிப்செட் வழியாகத்தான் போக வேண்டும். அந்த சிப்செட்டையும் பிராசசரையும் இணைப்பது 4.0 வேகத்தில் எட்டு லேன், கிட்டத்தட்ட நொடிக்கு 16 ஜிபி. வைஃபை, ஈதர்நெட், யுஎஸ்பி எல்லாம் அதே வழிதான். மொட்டை மாடியில் எத்தனை தொட்டி வைத்தாலும் கீழே இறங்கும் குழாய் ஒன்றுதான் என்பது போல, சிப்செட்டில் மூன்று 7,000 எம்பி டிரைவை மாட்டினாலும் மூன்றும் சேர்ந்து 21,000 தராது.

### சூடு, பழுது, எடை

எஸ்எஸ்டியை இயக்கும் சிப்பான கண்ட்ரோலர் 80 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். லேப்டாப்பில் டிரைவ் உட்காரும் இடம் பல சமயம் கிராபிக்ஸ் சிப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும். முதலில் வந்த பிசிஐஇ 5.0 டிரைவ்கள் வேலைப்பளுவில் 10 வாட்டுக்கு மேல் இழுத்தன. டெஸ்க்டாப்பில் அவற்றுக்கு உயரமான ஹீட்சிங்க் போடலாம், லேப்டாப்பில் அதற்கு இடமே கிடையாது.

ஒரு டிரைவ் செத்தால் என்ன இழப்பீர்கள், மதர்போர்டு செத்தால் டிரைவைக் கழற்றி வேறு கணினியில் படிக்க முடியுமா, இரண்டு வருடம் கழித்து இடம் போதாவிட்டால் என்ன செய்வீர்கள் ஆகியவை பழுது சார்ந்த கேள்விகள். எடைக்கும் பேட்டரிக்கும் தனி விளக்கம் தேவையில்லை. தினமும் தூக்கிக்கொண்டு அலைபவருக்கு அது முதல் அளவுகோல், மேசையிலேயே வைத்திருப்பவருக்குக் கடைசி.

## வழி ஒன்று: ஒரே பெரிய டிரைவ்

எளிமைதான் இதன் பலம். ஒரே சி டிரைவ், எங்கே என்ன இருக்கிறது என்ற குழப்பம் இல்லை. பெரிய டிரைவில் ஃபிளாஷ் சிப்கள் அதிகம். கண்ட்ரோலர் அவை பலவற்றில் ஒரே நேரத்தில் எழுதும் என்பதால் 500 ஜிபி மாடலைவிட 2 டிபி மாடல் எழுதும் வேகத்தில் பொதுவாக முன்னால் நிற்கும், கேஷும் பெரியது. ஒரே டிரைவ் என்பதால் மின்சாரமும் குறைவு.

சிக்கல் தெரிவது, ஒரே டிரைவிலிருந்து படித்து அதே டிரைவில் எழுதும்போது. மூல வீடியோவைப் படிக்க வேண்டும், எடிட்டிங் மென்பொருள் தன் தற்காலிகக் கோப்புகளை (இதையும் கேஷ் என்பார்கள்) எழுத வேண்டும், எக்ஸ்போர்ட் கோப்பு வளர வேண்டும், பின்னணியில் விண்டோஸ் அப்டேட் வேறு. எல்லாம் ஒரே கண்ட்ரோலரின் தலையில். படிக்கும் வேகமும் எழுதும் வேகமும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும், சூடும் ஒரே இடத்தில் குவியும்.

மறைமுகச் செலவு இரண்டு. தயாரிப்பாளர் தளத்தில் பெரிய கொள்ளளவைத் தேர்ந்தெடுத்தால் தனியாகக் கிடைக்கும் அதே டிரைவின் விலையைவிடப் பல சமயம் வெகுவாக அதிகம் கேட்பார்கள். அதோடு எந்த டிரைவ் மாடல் வரும் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. "4 டிபி என்விஎம்இ" என்பதற்குள் நல்ல டிஎல்சியும் இருக்கலாம், டிராம் (டிரைவின் சொந்த வேக நினைவகம்) இல்லாத க்யூஎல்சியும் இருக்கலாம். சிறிய டிரைவோடு வாங்கி, பெரியதை நீங்களே போட்டுக்கொள்வது பெரும்பாலும் லாபம். மூடியைத் திறப்பதால் வாரண்டி பாதிக்கப்படுமா என்பதை மட்டும் வாங்குமுன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

புரோகிராமிங், ஆபீஸ் வேலை, ஃபோட்டோ எடிட்டிங், கேமிங் என்றால் இந்த வழியே போதும். இவர்கள் இரண்டாவது டிரைவுக்குச் செலவழிப்பதைவிட ரேமைக் கூட்டுவது நல்லது. ரேம் போதாமல் சிஸ்டம் எஸ்எஸ்டியையே ரேம் போலப் பயன்படுத்த (ஸ்வாப்) ஆரம்பித்தால் எந்த வேகமான டிரைவும் காப்பாற்றாது.

## வழி இரண்டு: தனித்தனியாக இரண்டு டிரைவ்

நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஒன்றில் இயங்குதளமும் மென்பொருட்களும், மற்றொன்றில் நடப்பு வேலை. எடிட்டராக இருந்தால் மூலக் காட்சிகள் ஒன்றில், கேஷும் எக்ஸ்போர்ட்டும் மற்றொன்றில். ஒன்றிலிருந்து படித்து இன்னொன்றில் எழுதும்போது இரண்டும் தத்தம் முழு வேகத்தில் ஓடும். விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டுபவர்களுக்கு இது உடனே தெரியும்: உள்ளே நான்கு மெஷின்கள் ஒரே நேரத்தில் அப்டேட் ஆகும்போதும் வெளியே உள்ள விண்டோஸ் தடுமாறாது.

இரண்டாவது நன்மை பழுதின்போது வரும். இயங்குதளம் கெட்டுப்போனால் முதல் டிரைவைத் துடைத்துப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். வேலைக் கோப்புகளைத் தொட வேண்டியதில்லை. மதர்போர்டே போனாலும் இரண்டாவது டிரைவைக் கழற்றி ஒரு யுஎஸ்பி பெட்டியில் போட்டு அன்றைக்கே வேறு கணினியில் வேலையைத் தொடரலாம். ஒரு நிபந்தனை: விண்டோஸ் அதை பிட்லாக்கரால் பூட்டியிருந்தால் மீட்புச் சாவி உங்களிடம் இருக்க வேண்டும். இரண்டு டிரைவுக்கும் இரண்டு சாவி. லேப்டாப்புக்கு வெளியே எங்காவது சேமித்து வையுங்கள்.

செலவையும் பிரித்துக்கொள்ள முடிகிறது. இயங்குதளத்துக்கு நடுத்தர 1 டிபி டிரைவே போதும்; சிதறலாகப் படிக்கும் வேகத்தில் விலை உயர்ந்த டிரைவும் பெரிதாக மிஞ்சாது என்று மேலே பார்த்தோம். மிச்சமாகும் பணத்தை இரண்டாவது டிரைவில் போடுங்கள். அது கட்டாயம் டிஎல்சியாக இருக்க வேண்டும், டிராம் உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது.

தேய்மானம் பற்றிப் பயப்படுபவர்களுக்கும் ஒரு கணக்கு. 2 டிபி டிஎல்சி டிரைவ்களுக்கு 1,200 டிபி வரை எழுதலாம் என்ற உத்தரவாதம் வழக்கமானது. தினமும் 100 ஜிபி எழுதினால் வருடத்துக்கு 36.5 டிபி, முப்பது வருடத்துக்கு மேல் ஓடும். தினமும் 1 டிபி எழுதும் எடிட்டருக்கு அதுவே மூன்று வருடம் சொச்சம்தான். க்யூஎல்சியில் உத்தரவாதம் பெரும்பாலும் இதைவிடக் குறைவு, சிலவற்றில் பாதிக்கும் கீழே. தேய்வது வேலை டிரைவ்தான், அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பதும் பிரித்து வைப்பதன் பலன்.

குறைகளும் உண்டு. இரண்டு டிரைவ் என்றால் மின்சாரம் கொஞ்சம் கூடும். ஒன்று நிரம்பி மற்றொன்று காலியாகக் கிடக்கும் நிலை வரும். அப்புறம், இரண்டாவது டிரைவில் காப்பி வைத்திருந்தால் அது பேக்கப் என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறைய. லேப்டாப் திருடுபோனாலோ, மேலே தண்ணீர் கொட்டினாலோ இரண்டும் ஒன்றாகத்தான் போகும்.

## வழி மூன்று: ரெய்ட்

ரெய்ட் 0 என்பது ஒவ்வொரு கோப்பையும் துண்டு துண்டாக்கி இரண்டு டிரைவிலும் மாறி மாறி எழுதுவது. பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது வேகம் இரட்டிப்பை நெருங்கும் என்பது உண்மை. ஸ்கிரீன்ஷாட்டில் 13,000, 14,000 என்று எண் வரும்போது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 4 கேபி சிதறல் வேகம் இரட்டிப்பாவதில்லை. ஒரு சிறு துண்டு ஒரே டிரைவில்தான் இருக்கும், அதைப் பிரித்துப் படிக்க எதுவும் இல்லை. விண்டோஸ் துவங்கும் நேரமும் குறையாது.

இதற்குக் கொடுக்கும் விலை பெரியது. ஒரு டிரைவ் ஒரு வருடத்தில் செத்துப்போக 1 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், இரண்டில் ஏதாவது ஒன்று சாக 1.99 சதவீத வாய்ப்பு. எது செத்தாலும் இரண்டிலும் உள்ள அனைத்தும் போய்விடும். டிரைவ்கள் நன்றாக இருந்து மதர்போர்டு செத்தாலும் தலைவலிதான். வேறொரு லேப்டாப்பில் மாட்டினால் அந்தத் தொகுப்பை அது அடையாளம் காணும் என்ற உறுதி இல்லை.

அன்றாட நிர்வாகத்திலும் தொல்லை. இன்டெல் லேப்டாப்களில் ரெய்டுக்காக விஎம்டி என்ற இன்டெலின் டிரைவ் நிர்வாக வசதி இயக்கப்பட்டிருந்தால், விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது "டிரைவ் எதுவும் இல்லை" என்று திரை சொல்லும். தனியாக டிரைவர் கோப்பை யுஎஸ்பியில் கொண்டுவந்து ஏற்ற வேண்டும். லினக்ஸும் சேர்த்து வைக்க நினைப்பவர்களுக்கு இது இன்னும் சிக்கல். பயாஸை ரீசெட் செய்யும்போது ரெய்ட் முறை மாறிப்போய், இருக்கும் தொகுப்பே காணாமல் போனதுபோல் தெரியும் சம்பவங்களும் நடக்கின்றன.

ரெய்ட் 1 வேறு விஷயம். ஒரே டேட்டாவை இரண்டிலும் எழுதும். ஒன்று செத்தாலும் வேலை நிற்காது. கொள்ளளவு பாதியாகும். தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் அழியும், ரான்சம்வேர் இரண்டையும் பூட்டும். ஆகவே இதுவும் பேக்கப்புக்கு மாற்று அல்ல. இடையில் நிற்கவே முடியாத வேலைக்கு, உதாரணமாக நேரடி நிகழ்ச்சியைப் பதிவு செய்பவர்களுக்கு, ரெய்ட் 1 நியாயமான தேர்வு.

ரெய்ட் 0 யாருக்கு? சுருக்கமில்லாத 8கே காட்சிகளை ஒன்றுக்கு மேற்பட்டு ஒரே நேரத்தில் ஓட்டுபவர்களுக்கு. மேலே போட்ட கணக்குப்படி இரண்டு ஓட்டத்துக்கு 6,370 எம்பி வேண்டும், ஒரு 4.0 டிரைவ் அங்கே மூச்சுத் திணறும். சிமுலேஷனில் நூற்றுக்கணக்கான ஜிபி தற்காலிகக் கோப்புகளை உருவாக்கி அழிப்பவர்களுக்கும் பொருந்தும். இரண்டிலும் ஒரே நிபந்தனை: அந்தத் தொகுப்பில் இருக்கும் எதுவும், போனால் மறுபடி உருவாக்கிக்கொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும். இயங்குதளத்தை அதன்மேல் வைக்க வேண்டாம். ஆகவே இவர்களுக்கு மூன்று ஸ்லாட் தேவைப்படும்.

## வழி நான்கு: மெல்லிய லேப்டாப், வெளியே வேகமான டிரைவ்

மேக்புக் புரோ போன்ற, ஸ்டோரேஜை மாற்ற முடியாத லேப்டாப் வாங்குபவர்களுக்கு இதுதான் வழி. 40 ஜிகாபிட் தண்டர்போல்ட் 3 அல்லது 4 போர்ட்டில் நிஜ வேகம் 2,800 முதல் 3,000 எம்பி. புதிய யுஎஸ்பி4 பெட்டிகளில் 3,800 வரை. 2023இல் அறிவிக்கப்பட்ட தண்டர்போல்ட் 5இல் 6,000ஐத் தாண்டுகிறது. 2024இல் வந்த எம்4 புரோ, எம்4 மேக்ஸ் மேக்புக் புரோக்களில் அது இருக்கிறது. எடிட்டிங்குக்கு இந்த வேகம் தாராளம். ஒரே டிரைவை ஸ்டூடியோ கணினியிலும் லேப்டாப்பிலும் மாறி மாறி மாட்டி வேலை செய்யலாம் என்பது உள் டிரைவ் எதுவும் தராத வசதி.

ஆனால் போர்ட் விஷயத்தில் கவனம் வேண்டும். யுஎஸ்பி-சி வடிவம் ஒன்றுதான், உள்ளே இருப்பது வேறு வேறு. 10 ஜிகாபிட் போர்ட்டில் 1,000 எம்பிதான் வரும். 20 ஜிகாபிட் என்று போட்டு விற்கும் டிரைவ்களை மேக்புக்கிலும் வேறு பல லேப்டாப்களிலும் மாட்டினால் 10க்கு இறங்கிவிடும். கேபிளும் அப்படித்தான்: போனுடன் வந்த சார்ஜிங் கேபிள் பெரும்பாலும் யுஎஸ்பி 2.0, அதில் மாட்டினால் 3,000 எம்பி டிரைவ் 40 எம்பியில் ஊர்ந்துகொண்டிருக்கும். பார்க்க இரண்டு கேபிளும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் டிரைவுடன் வந்த கேபிளில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வைத்துக்கொள்வது உதவும்.

மேக்கில் இன்னொரு ஆபத்து: உள் ஸ்டோரேஜின் குறியாக்கச் சாவி பிராசசர் சிப்போடு பிணைந்தது. போர்டு செத்தால் டேட்டாவை வெளியே எடுக்க வழி கிடையாது. அதேபோல மிகச் சிறிய கொள்ளளவு மாடலில் வேகமே குறைவாக இருக்கலாம். 2022இல் வந்த எம்2 மாடல்களில் 256 ஜிபி வகையில் ஒரே ஃபிளாஷ் சிப் இருந்ததால், படிக்கும் வேகம் முந்தைய எம்1 மாடலில் பாதிதான் இருந்தது.

வேலை நடுவே கேபிள் அசைந்து துண்டிக்கப்படுவது, மடியில் வைத்து வேலை செய்ய முடியாமல் போவது, ஒரு போர்ட் நிரந்தரமாக அடைபடுவது எல்லாம் இந்த வழியின் அன்றாடத் தொல்லைகள். மேசையில் வேலை செய்பவருக்கு இவை பெரிய விஷயமில்லை. ரயிலிலும் படப்பிடிப்புத் தளத்திலும் வேலை செய்பவருக்குப் பெரிய விஷயம்.

## வழி ஐந்து: மூன்று, நான்கு ஸ்லாட் உள்ள பெரிய லேப்டாப்

17, 18 அங்குல மொபைல் ஒர்க்ஸ்டேஷன்களும் உச்சவகை கேமிங் லேப்டாப்களும் இந்த வகை. பல 3 கிலோவைத் தாண்டும். 330 வாட் அடாப்டர் தனி எடை. பேட்டரியோ 99.9 வாட்-அவரில் நின்றுவிடும், ஏனென்றால் 100 வாட்-அவருக்கு மேல் போனால் விமானத்தில் கொண்டுபோகத் தனி அனுமதி வாங்க வேண்டும். சார்ஜரைக் கழற்றினால் வேகம் குறையும்.

டெஸ்க்டாப் வைக்க முடியாத, ஆனால் டெஸ்க்டாப் வேலை செய்ய வேண்டியவருக்கு இது சரி: தளத்தில் காட்சிகளைச் சேகரித்துச் சரிபார்ப்பவர், பத்துப் பதினைந்து விர்ச்சுவல் மெஷினோடு பயணம் செய்யும் பயிற்சியாளர். மற்றவர்கள் இதே பணத்தில் ஒரு டெஸ்க்டாப்பும் ஒரு நல்ல மெல்லிய லேப்டாப்பும் வாங்க முடியுமா என்று ஒருமுறை கணக்குப் பார்த்துவிடலாம்.

## ஒரே பார்வையில்

| | நிஜ வேலையில் வேகம் | டிரைவ் செத்தால் | பின்னாளில் மாற்ற | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| ஒரே டிரைவ் | ஒரு வேலைக்கு நன்று, பல வேலையில் நெருக்கடி | அனைத்தும் போகும் | டேட்டாவை நகலெடுத்து மாற்ற வேண்டும் | தயாரிப்பாளரின் கூடுதல் விலை |
| தனித்தனி இரண்டு | படிப்பதும் எழுதுவதும் பிரிந்து ஓடும் | பாதிதான் போகும் | எளிது | இரண்டாவது ஸ்லாட்டின் தரம், பேட்டரி |
| ரெய்ட் 0 | பெரிய கோப்பில் மட்டும் இரட்டிப்பு | அனைத்தும் போகும் | கடினம் | நிறுவல், மீட்புச் சிக்கல் |
| ரெய்ட் 1 | எழுதுவதில் லாபம் இல்லை | வேலை தொடரும் | நடுத்தரம் | கொள்ளளவு பாதி |
| வெளி டிரைவ் | போர்ட்டைப் பொறுத்தது | வெளியில் உள்ளது மட்டும் போகும் | மிக எளிது | கேபிள், பெட்டி, ஒரு போர்ட் |
| பெரிய லேப்டாப் | அதிகபட்சம், சிப்செட் வரம்புக்குள் | அடுக்கும் முறையைப் பொறுத்தது | எளிது | எடை, அடாப்டர், பேட்டரி |

## இன்னும் முடிவு வரவில்லையா?

இரண்டு கேள்வியில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஒரே நேரத்தில் படித்துக்கொண்டே நூறு ஜிபி கணக்கில் எழுதும் வேலை வாரத்தில் பல நாள் வருகிறதா? இல்லையென்றால் ஒரே டிரைவ், மீதிப் பணம் ரேமுக்கு. ஆம் என்றால், அந்த வேலை மேசையில் மட்டும் நடக்கிறதா? மேசையில் என்றால் வெளி டிரைவே போதும். அலைச்சலில் என்றால் உள்ளே இரண்டு டிரைவ். ரெய்ட் வேண்டும் என்று நினைப்பவர்கள், நொடிக்கு எத்தனை எம்பி தேவை என்று எழுதிப் பார்த்து, அது 6,000ஐத் தாண்டினால் மட்டும் அந்தப் பக்கம் போகலாம்.

பிசிஐஇ 5.0 பற்றியும் கேட்கிறார்கள். இலவசமாக வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க லேப்டாப்பில் இன்னும் காரணம் இல்லை என்பது என் கருத்து. சூடுதான் முக்கியக் காரணம்.

வாங்குமுன் மாடலின் சர்வீஸ் மேனுவலைத் தேடிப் படியுங்கள். விளம்பரப் பக்கத்தில் இல்லாத ஸ்லாட் நீளம், லேன் எண்ணிக்கை, டிரைவின் உயர வரம்பு எல்லாம் பெரும்பாலும் அதில் இருக்கும்.

லேப்டாப் கைக்கு வந்ததும் சார்ஜரை மாட்டிக்கொண்டு, டிரைவ் விவரங்களைக் காட்டும் மென்பொருளான கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறங்கள். பரிமாற்ற முறை என்ற வரியில் இரண்டு மதிப்பு இருக்கும்: இடது பக்கம் இப்போது ஓடும் வேகம், வலது பக்கம் டிரைவ் தாங்கும் வேகம். வலது பக்கம் "பிசிஐஇ 4.0 எக்ஸ்4" என்றும் இடது பக்கம் "3.0 எக்ஸ்4" அல்லது "4.0 எக்ஸ்2" என்றும் வந்தால் குறை ஸ்லாட்டில் இருக்கிறது. அடுத்து, 300 ஜிபி அளவுள்ள பெரிய கோப்புகளை ஒரு டிரைவிலிருந்து மற்றொன்றுக்குக் காப்பி செய்து, பக்கத்தில் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் இரண்டு டிரைவின் வெப்பத்தையும் பாருங்கள். வேகக் கோடு எந்த இடத்தில் விழுகிறது, அப்போது வெப்பம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். வெப்பம் ஏறிய பிறகு விழுந்தால் தெர்மல் பேட் போட்டுச் சரிசெய்யலாம். வெப்பம் ஏறாமலே விழுந்தால் அது கேஷ் நிரம்பியதன் அடையாளம். டிரைவை மாற்றுவதுதான் தீர்வு. இந்த இரண்டு சோதனையையும் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடுவுக்குள் முடித்துவிடுங்கள்.